நாக்குக்கு அடியில் ஒரு வளையம்

என் கழுத்துப் பள்ளத்துக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் புதிதாகப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "தைராய்டு ஆபரேஷனாக்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். தைராய்டு இல்லை. என்ன நடந்தது என்பதை வாயால் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். தையல் லைனில் சேர்ந்து இப்போது செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைக் கையில் எடுத்து, தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் உண்டா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. என் கணவர் குமார் தோல் ஷாப்பில் மெஷின் ஓட்டுகிறார். பச்சைத் தோலைப் பதப்படுத்தும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒரே மகள் நித்யா, ஒன்பதாவது படிக்கிறாள். எனக்கு முப்பத்தாறு வயது. வயதைச் சொல்லக் காரணம் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "இந்த வயசுலயா?" என்பதுதான்.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அடியில் நடுவாக ஒரு மெல்லிய சவ்வு தெரியும். நாக்கை வாயின் தரையோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அந்தச் சவ்வில் சின்னதாக ஒரு வெள்ளி நிற வளையம் போட்டிருந்த பெண்ணை போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். அவள் வாயை மூடினால் ஒன்றுமே தெரியவில்லை. பேசினாள், சிரித்தாள், அப்போதும் தெரியவில்லை. நாக்கை மேலே தூக்கியபோது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. முதலில் சீ என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். யாராவது பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ப்ளவுஸுக்கு லைனிங் துணி எடுக்க வேலூர் லாங் பஜாருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காட்பாடிக்குப் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் போகிற ஒரு டாட்டூ கடை மாடியில் இருந்தது. படியேறும்போது இறங்கி வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு, மகளைத் தேடி வந்த அம்மா என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடைக்காரன் இருபத்தைந்து வயதுப் பையன். "மூக்கா மேடம், காதா?" என்றான்.

போனைக் காட்டினேன். அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இது... உங்களுக்கா?"

"ஆமா."

"நான் ஒரே ஒரு தபா தான் மேடம் பண்ணிருக்கேன். மெல்லிசா இருக்கும், வலிக்காது. ஆனா நாக்கு அடங்கி நிக்கணும்."

ஊசியைப் புதுப் பொட்டலத்திலிருந்து பிரித்தான். அதை நான் பார்த்தேன். ஆனால் வளையத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வெறும் விரலை விட்டுத் துழாவி எடுத்து, டிஷ்யூ பேப்பரில் துடைத்தான். அதையும் பார்த்தேன். காலையிலிருந்து மாலை வரை, தோலில் ஊசிமுனை அளவு கறை இருந்தால்கூட ஒதுக்கித் தள்ளுகிறவள் நான். அன்றைக்கு வாயைத் திறந்துகொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது கேட்டால் வேண்டாம் மேடம், கிளம்புங்கள் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

குத்தியது சுருக்கென்று ஒரு எறும்புக்கடிபோல இருந்தது, அவ்வளவுதான். திரும்பும் வழியில் லாங் பஜாரில் இறங்கி, தள்ளுவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே ஓடி, கைக்குக் கிடைத்த லைனிங் துணியை வாங்கிக்கொண்டேன். வீட்டில் காட்ட ஏதாவது வேண்டுமே. அன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. குமார் குழம்பில் உப்பு கம்மி என்றார். நித்யா டியூஷன் மிஸ்ஸைப் பற்றிக் குறை சொன்னாள். நான் நாக்கின் நுனியை மடக்கி அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். இந்தச் சந்தோஷத்தை மறைத்துவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அடுத்தடுத்த நாட்களில் வலி ஆரம்பித்தது. முதலில் புண் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பிறகு தாடைக்குக் கீழே வீங்கியது. தொட்டால் பலகைபோலக் கெட்டியாக இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. கைக்குட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். "பல்லு வலியா?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். மெடிக்கலில் பல்வலி என்று சொல்லி மாத்திரை வாங்கினேன். வளையத்தைக் கழற்றிவிடலாம் என்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு முயன்றேன். அதற்குள் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு அண்ணத்தில் ஒட்டியது. கண்ணாடியில் பார்த்த அந்த முகத்தைக் கண்டு பயந்தேன். ஆனாலும் கதவைத் திறந்து வெளியே வந்து, "பல்லுதான்" என்றேன். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது என் குரல்.

காய்ச்சலில் நான் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்த குமார், மறுபேச்சில்லாமல் ஆட்டோ பிடித்தார். பிறகு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். அவசரப் பிரிவில் என்னைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தால் நாக்கு தொண்டையை அடைத்தது. எழுந்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு லேடி டாக்டர் வந்து தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

"வாய்ல ஏதாவது அடிபட்டுச்சா? பல் புடுங்குனீங்களா? ஏதாவது குத்துச்சா?"

குமார் பக்கத்தில் நின்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். மூச்சு நிற்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிகிறது, அப்போதும் தலை அப்படித்தான் ஆடியது.

டாக்டர் டார்ச்சை வாயருகே கொண்டுவந்து, தட்டையான ஒரு குச்சியால் நாக்கின் ஓரத்தை மெல்ல ஒதுக்கினார். வலியில் கண்ணீர் வழிந்தது. அவர் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார்.

"என்ன இது, ரிங்கா?"

குமாரும் குனிந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

டாக்டர் திட்டவில்லை. வேகமாக ஆனால் பதறாமல் குமாரிடம் விளக்கினார். குத்திய இடத்தின் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. நாக்குக்கு அடியில் இருக்கிற தசைக்குள் பரவி, இரண்டு பக்கமும் வீங்கி, நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளுகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மூச்சுக்குழாயின் வாசல் அடைபட்டுவிடும். வாய் வழியாகக் குழாய் போட இடமே இல்லை. அதனால் கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு, நேராக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை வைக்க வேண்டும். வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடலாம். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால், கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்துத்தான் செய்ய முடியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த குமார் என் காதருகே குனிந்தார். "பயப்படாதே" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"யாருக்குக் காட்டறதுக்கு சுதா?" என்றார்.

அதற்குள் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஆபரேஷனைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. விழித்துக்கொண்டே இருந்தேன். கழுத்தில் யாரோ அழுத்துவது தெரிந்தது. ஒரு கணம் மூச்சே இல்லை. பிறகு ஒரு இருமல். அந்த இருமல் வாய் வழியாக வராமல் கழுத்து வழியாக வந்தது. அதற்குப் பிறகு காற்று தாராளமாக உள்ளே போனது. அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. தாடைக்குக் கீழே கீறி, சீழ் வடிய ஒரு ரப்பர் துண்டை வைத்தார்கள். வளையத்தைக் கத்தரித்து எடுத்து, என் தாலி, கம்மலோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் குமாரிடம் கொடுத்திருக்கிறார்கள். தாலியையும் கம்மலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, வளையத்தை மட்டும் பாலாற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டதாகப் பின்னால் சொன்னார்.

கழுத்தில் குழாய் இருந்தால் பேச முடியாது. குரல் எழுப்பும் இடத்துக்குக் காற்று போகாமல் கீழேயே வெளியேறிவிடும். சாப்பாடு மூக்கு வழியாகப் போட்ட குழாயில். குழாயில் சளி கட்டும்போது சிஸ்டர் வந்து மெல்லிய டியூபை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார். "சக்‌ஷன்" என்ற சொல்லைக் கேட்டாலே கால் விறைக்கும். உறிஞ்சும் அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் இருக்கிற காற்றெல்லாம் பிடுங்கப்படுவது போலிருக்கும். அந்த சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் என் கையைத் தன் இடுப்பில் பிடித்துக்கொள்ளச் சொல்வார். "கிள்ளிக்கோங்க, பரவால்ல" என்பார்.

கண்காணிப்பு அறையிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று குமாரின் போனைக் கேட்டு வாங்கி, "யாருக்கும் காட்ட இல்ல" என்று டைப் அடித்துக் காட்டினேன். அதைப் படித்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, மானிட்டர் ஒயர் ஒட்டியிருந்த என் கால்விரல்களில் காய்ந்து கிடந்த பிளாஸ்டரின் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுத்தார். அதைச் செய்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

காது, மூக்கு, தொண்டை வார்டு அது. என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வாயில் புற்றுநோய். பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா என்று ஐம்பது வயதுக்காரர் ஒருவர். குடியாத்தம் பக்கத்துக் கிராமம், கூலி வேலை. நாக்கின் பெரும்பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருக்கும் கழுத்தில் குழாய். நாங்கள் இரண்டு பேரும் பேச முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அவருடைய கண் என் கழுத்துக் கட்டின் மேல் வரும்போது நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

கன்னியம்மாவின் கணவர்தான் குமாரிடம் கேட்டார். "இன்னா ஆச்சுப்பா உங்க வூட்டம்மாவுக்கு? சின்ன வயசா இருக்குறாங்க. பொகயில போடுவாங்களா?"

குமார் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இல்லீங்க. வேண்டுதல். நாக்குல அலகு குத்திக்கினாங்க. அது சீழ் புடிச்சிக்கிச்சு."

அந்தப் பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கன்னியம்மாவும் குழாய் மாட்டிய கையைத் தூக்கிக் கும்பிட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பொய் வார்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த குமாருக்கு அது வழிகாட்டிவிட்டது. திருப்பத்தூரில் இருக்கிற தன் அக்காவுக்கு போன் செய்து அதையே சொன்னார். என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் அப்போது எல்லோருக்கும் இருந்த வேண்டுதல் ஒன்றுதான். "உன் புள்ள நல்லபடியா பொறக்கணும்னு" என்று குமார் சொல்லிவிட்டார்.

குமாரின் அக்கா பெயர் சாந்தி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பதினாறு வருடம் குழந்தை இல்லை. இரண்டு முறை தங்கிக் கலைந்தது. இப்போது ஆறாவது மாதம். கர்ப்பப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது என்று தையல் போட்டு, படியேறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நித்யா அவர்கள் வீட்டில்தான் இருந்தாள்.

அண்ணி ஒரு மத்தியானம் வந்தார். கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். காலில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். இந்த வீட்டுக்கு நான் வந்தபோது என்னை நிற்கவைத்துப் புடவை கட்டக் கற்றுக்கொடுத்தவர். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"என் புள்ளைக்கோசரமாடி?" என்று அழுதார். "பதினாறு வருசமா எல்லாரும் எனக்கு புத்திதான் சொன்னாங்க. எனக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் பண்ணதில்ல. நீ வாயில ரத்தம் காட்டிட்டு வந்து படுத்துக்கினு இருக்கிறியே."

குமார் மருந்து இறங்கும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கழுத்துக் குழாயில் மூச்சு இரைந்தது. தலையை அசைக்கிறேன், கையை ஆட்டுகிறேன். "நீ ஒண்ணும் சொல்லாத, எனக்குத் தெரியும்" என்று என் கையைப் பிடித்து அமர்த்திவிட்டார்.

அன்றைக்கே போனை வாங்கி உண்மையை அடித்திருக்கலாம். போன் குமாரின் சட்டைப் பையில், கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை. அண்ணி அப்படி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

அண்ணி மறுபடி வந்தபோது மஞ்சள் புடவை கட்டியிருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டியிருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுத்து மலையேறப் போறேன்" என்றார். "நீ எழுந்து உக்காந்து பேசணும். அதுக்குத்தான்."

குமார் பதறிவிட்டார். "அக்கா, படி ஏறக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? தையல் போட்ருக்குது..."

"டாக்டரம்மா சொல்லுவாங்க. இவ யாரையாவது கேட்டுக்கினா பண்ணா? எனக்காக இவ இவ்ளோ பண்ணும்போது நான் நாலு படி ஏறமாட்டனா? ஒண்ணும் ஆவாது."

நாலு படி இல்லை அது. அந்த மலைக்கோயிலுக்கு நானே மூச்சு வாங்கித்தான் ஏறுவேன். நான் குமாரைப் பார்த்துப் போனுக்குக் கை நீட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் சுதா" என்றார் மெதுவாக. "நான் வேற எதுனா சொல்லி நிறுத்தறேன். மானம் போய்டும்." கையை இறக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தேன். அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் குமார் போனைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. "அண்ணி மலை ஏறாதீங்க. இது வேண்டுதல் இல்ல. கடைக்குப் போய் ஆசைக்கு வளையம் குத்திக்கிட்டேன். உங்களுக்காக இல்ல. மன்னிச்சிடுங்க."

அண்ணி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எழுத்து எழுத்தாகப் படித்தார். படித்து முடித்தும் போனைக் கீழே வைக்கவில்லை.

"ஆசைக்கா?" என்றார்.

தலையாட்டினேன்.

"அப்ப அலகுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்க்கா" என்றார் குமார், சுவரைப் பார்த்தபடியே.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாக்குல குத்து, மூக்குல குத்து, அது உன் இஷ்டம். எனக்கோசரம் ஒருத்தி வலி தாங்கினான்னு எங்க தெருவு பூரா சொல்லிட்டு வந்தேன்டி. என் மாமியார்கிட்ட சொன்னேன். எனக்கும் ஆளு இருக்குதுன்னு சொன்னேன்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எனக்காக வடிகட்டி எடுத்து வந்த கஞ்சிப் பாத்திரத்தைக்கூட மறந்துவிட்டுப் போனார். குமார் பின்னாலேயே ஓடினார். காரில் ஏறும்வரை அண்ணி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அதற்கப்புறம் அண்ணி போனை எடுக்கவில்லை. மலையேறுவாரா, மாட்டாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கோபத்திலேயே ஏறிவிட்டால் என்ன செய்வது? காப்புக் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கப் பயந்து ஏறிவிட்டால்? வீக்கம் வடிந்துகொண்டிருந்தது, காய்ச்சல் விட்டிருந்தது, டாக்டர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். நான் அந்தக் குழந்தையையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கழுத்துக் குழாயைச் சின்னதாக மாற்றி, பிறகு அதன் வாயை ஒரு மூடியால் அடைத்தார்கள். காற்று பழைய வழியில் போய் வருகிறதா என்று பார்ப்பதற்கு. "பேர் சொல்லுங்க" என்றார் டாக்டர். "சுதா" என்றேன். தகரத்தில் ஆணி இழுத்ததுபோல வந்தது. குமார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் குரல் வந்தது என்று மகிழ்வதற்கு முன்னால், இனிமேல் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

கிருத்திகை அன்று காலையிலிருந்தே சாலையில் பம்பைச் சத்தம். காவடிகள் போகின்றன என்று வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்குப் போனார்கள். குமார் நித்யாவுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டார். கடைசியில் எடுத்தாள். "அத்தை போகலப்பா. பால்குடத்த எதிர்வூட்டு அக்காகிட்ட குடுத்தனுப்பிட்டு, கதவச் சாத்திக்கினு படுத்துக்கினு இருக்கிறாங்க. என்கிட்ட கூட பேச மாட்டேங்கிறாங்க. இன்னாப்பா ஆச்சு?" குமார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை கன்னியம்மாவின் கணவர் எங்கோ போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். தன் மனைவியின் நெற்றியில் பூசிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "அம்மா, உன் கையால இவளுக்கு ஒரு தபா பூசி வுடு. நீ அலகு எடுத்தவ. உனக்குக் கொரல் வந்துட்ச்சு. இவளுக்கும் எதுனா வழி பொறக்கும்."

எனக்குக் குரல் இருந்தது. மூடி போட்ட குழாயோடு இரண்டு மூன்று வார்த்தை தெளிவாகவே பேச முடிந்தது. கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், அவர் நெற்றியில் விபூதியைப் பூசினேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்வது அவருக்கு நல்லதா, சொல்லாமல் விடுவது நல்லதா என்று நான் அப்போது யோசித்ததாகச் சொல்ல மாட்டேன். வெட்கத்தில் வாயடைத்துப் போனேன், அவ்வளவுதான். மறுநாள் அவர்களை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதி கம்பெனி மூலமாக இருந்த இ.எஸ்.ஐ.யில் போனது. கம்பெனி ஆபீஸில் காரணம் கேட்டபோது குமார் "வாயில் தொற்று" என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை என்று எனக்கு விளக்கவும் செய்தார்.

வீட்டுக்கு வந்தபோது குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். துளை தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை மேலே கட்டு. பேசும்போதும் இருமும்போதும் இரண்டு விரலால் கட்டை அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்று அங்கே போய்விடும். ஆகவே நான் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அலகு என்று கேள்விப்பட்டு வந்தார்கள். மீதிப் பேர் வளையம் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். இரண்டாவது கூட்டத்தார் என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

ஒரு வாரநாள் காலை, குமார் வேலைக்குப் போன பிறகு, வாசலில் கார் நின்றது. அண்ணி நித்யாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நித்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் துணிப்பையோடு உள்ளே போனாள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

"உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"வாயத் தொற."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். முழுதாக வரவில்லை. அண்ணி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு மட்டும்.

"எதுக்குடி குத்திக்கின?" என்றார்.

அதுவரை எல்லோரும் எப்படித் துணிந்தாய் என்று கேட்டார்கள். இந்த வயதிலா என்றார்கள். யாருக்குக் காட்ட என்றுகூடக் கேட்டாயிற்று. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கழுத்துக் கட்டை அழுத்திக்கொண்டு, விட்டுவிட்டுச் சொன்னேன்.

"காது குத்துனப்ப நான் கைக்குழந்த. மூக்கு, கல்யாணத்துக்கு உங்க வீட்ல கேட்டாங்கன்னு குத்துனாங்க. இது ஒண்ணுதான் அண்ணி... நானா ஆசைப்பட்டது. யாருக்கும் தெரியாம, எனக்குன்னு ஒண்ணு."

கடைக்காரப் பையன் டப்பாவுக்குள் வெறும் விரலை விட்டு வளையத்தை எடுத்தது வரை சொன்னேன். சொன்னதும் உடம்பெல்லாம் கூசியது. இதற்காகவா இவ்வளவும் என்று எனக்கே கேட்டது. அண்ணி முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மூக்குத்தி கேட்டது எங்க அம்மா இல்ல. நான்தான்" என்றார். "உன் மூக்குக்கு நல்லாருக்கும்னு சொன்னேன்."

பிறகு என் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

"என்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல? நான் கூட வந்திருப்பேன். அந்தப் பையன் வெறுங்கையால அதை எடுத்தான்னு சொல்றியே. 'எடு நாயே, கொதிக்கிற தண்ணியில போட்டுட்டு அப்பறம் குத்து'ன்னு சொல்லிருப்பேன். நீ வாயைத் தொறந்துகினு உக்காந்திருந்த."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டை அழுத்த மறந்துவிட்டேன். சிரிப்பு வாய்க்கு வராமல், கழுத்துத் துணிக்கு அடியிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்றாகப் போனது. அண்ணி பயந்துபோய், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தன் கையாலேயே அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.